சுழியோடிகள் ஏன் கரையில் காத்திருக்கிறார்கள்? கடல் நீரோட்டத்தை முன்கூட்டியே கணிப்பதன் அவசியம்

கடலிலோ களப்பு முகத்துவாரத்திலோ ஒருவர் மூழ்கிக் காணாமல் போனால் அந்தக் கரையில் நடப்பதை எமது கரையோர ஊர்கள் நன்கறியும். சற்று நேரத்தில் ஊரே திரண்டுவிடும். உயிரோடு கிடைப்பார் என்ற நம்பிக்கை மெல்ல மெல்லக் குறைந்து, “ஜனாஸாவையாவது எடுத்துத் தாருங்கள்” என்ற இடத்துக்குக் குடும்பம் வந்து நிற்கும். அந்த வேளையில் கடற்படைச் சுழியோடிகளோ ஊரின் சங்கு குளிக்கும் இளைஞர்களோ படகில் உட்கார்ந்து நீரைப் பார்த்துக்கொண்டிருந்தால் கூட்டம் கொதித்துப் போகிறது. “ஏன் இறங்காமல் இருக்கிறார்கள்? பயமா? சம்பளம் எடுப்பது எதற்கு?”

கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கான பதில் மேலே நிற்பவர்களின் கண்ணுக்குத் தெரிவதில்லை. மேற்பரப்பு அமைதியாகத் தோன்றும் கடலுக்கடியில் நீர் ஓர் ஆற்றைப் போல் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். அது எப்போது தணியும் என்று தெரிந்தவர் காத்திருக்கிறார். தெரியாதவர் இறங்கிவிடுகிறார், சில வேளைகளில் அவரது ஜனாஸாவையும் சேர்த்துத் தேட வேண்டியதாகிறது. கடல் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்பதை முன்கூட்டியே கணிக்கும் அறிவு உலகில் நெடுங்காலமாக இருக்கிறது. அது என்ன, எப்படி வேலை செய்கிறது, எமது கரைகளுக்கு அது ஏன் தேவை என்பதைப் பார்ப்போம்.

செவோல் கப்பலும் நீரோட்டமும்

2014 ஏப்ரல் 16ஆம் திகதி காலை, தென்கொரியாவின் இன்சியோன் துறைமுகத்திலிருந்து ஜெஜு தீவு நோக்கிச் சென்ற செவோல் என்ற பயணிகள் கப்பல் ஜிண்டோ தீவுக்கு அருகில் சரிந்து மூழ்கியது. கப்பலில் இருந்தவர்கள் 476 பேர். உயிர் தப்பியவர்கள் 172 பேர் மாத்திரமே. பலியான 304 பேரில் 250 பேர் பாடசாலைச் சுற்றுலாவுக்குப் புறப்பட்ட ஒரே உயர்தரப் பாடசாலையின் மாணவர்கள். பயணிகளைத் தத்தமது இடத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டுக் கப்டன் வெளியேறியதும், கரையோரக் காவற்படையின் தடுமாற்றமுமே அந்தப் பேரழிவின் பிரதான காரணங்கள். அந்தப் பழியைக் கடல் மீது போட முடியாது. ஆனால் கப்பல் மூழ்கிய பின்னர் நடந்த தேடுதலின் வேகத்தைத் தீர்மானித்தது கடல்தான்.

கப்பல் மூழ்கிய மெங்கொல் கால்வாய், கொரியாவின் மிக வேகமான நீரோட்டங்கள் உள்ள இடங்களில் ஒன்று. அங்கு நீரோட்டம் ஆறு நொட் வரை, அதாவது மணிக்குச் சுமார் 11 கிலோமீற்றர் வரை செல்லும். அதே ஜிண்டோ தீவின் மறுபுறத்தில் உள்ள ஒடுங்கிய நீரிணை இன்னும் வேகமானது. 1597இல் கொரியத் தளபதி யி சுன்-சின் 13 கப்பல்களை வைத்துக்கொண்டு நூற்றுக்கு மேற்பட்ட ஜப்பானியப் போர்க்கப்பல்களை அங்குதான் முறியடித்தார். நீரோட்டம் எப்போது திசை மாறும் என்பதை அவர் அறிந்திருந்ததும் அந்த வெற்றிக்கு ஒரு காரணம் என்கிறது கொரிய வரலாறு.

செவோல் மூழ்கிய நாளையும் கவனிக்க வேண்டும். அதற்கு முதல் நாள் பூரணை. முழுச் சந்திர கிரகணமும் அன்றுதான் நிகழ்ந்தது. பூரணையை ஒட்டிய நாட்களில் கடலின் ஏற்றமும் வற்றமும் உச்சத்தில் இருக்கும், நீரோட்டமும் அதற்கேற்ப வேகம் கொள்ளும். ஆகவே ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியாக இருந்த அந்த முதல் நாட்களில் கடல் தன் முழு வலிமையோடு ஓடிக்கொண்டிருந்தது. சுழியோடிகளால் கப்பலினுள் நுழைவதே பெரும்பாடாக இருந்தது. நீர் குளிராகவும் கலங்கலாகவும் இருந்ததால் கையை நீட்டினால் கை தெரியாத நிலை. ஒரு நாளில் நான்கு தடவை, ஏறத்தாழ ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நீர் சற்று நிற்கும் வேளைக்காக அவர்கள் காத்திருந்தார்கள். கரையில் பெற்றோர் கதறிக்கொண்டிருந்தார்கள். காத்திருக்கும் சுழியோடிகளைப் பார்த்து அவர்களுக்கு ஆத்திரம் வந்ததில் வியப்பில்லை.

ஒரு வாரம் கழிந்து ஏப்ரல் 22ஆம் திகதியளவில் தேய்பிறை பாதிச் சந்திரனுக்கு வந்தது. நீரோட்டம் தணிந்தது. அந்த நாட்களில்தான் மீட்கப்பட்ட உடல்களின் எண்ணிக்கை சடுதியாக உயர்ந்தது.

அரை மணித்தியாலம் எங்கிருந்து வருகிறது?

ஒரு நொட் என்பது மணிக்கு 1.85 கிலோமீற்றர். தரையில் அது மெதுவான நடை. நீருக்கடியில் கதை வேறு. நீர் காற்றை விடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. அத்துடன் நீரோட்டத்தின் வேகம் இரட்டித்தால் அது உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது, வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்கு. ஒரு நொட் நீரோட்டத்தை எதிர்த்து நல்ல சுழியோடியால் சிறிது நேரம் நீந்த முடியும். அதற்கு மேல் வேலை செய்வது மிகக் கடினம். காற்றுக் குழாயுடன் இறங்குபவராக இருந்தால் அந்தக் குழாயையும் நீர் இழுக்கும்.

இப்போது ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நீரோட்டம் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை திசை மாறும் ஓர் இடத்தில் அதன் உச்ச வேகம் இரண்டு நொட் என்றால், திசை மாறும் வேளையை ஒட்டி அது ஒரு நொட்டுக்குக் குறைவாக இருக்கும் நேரம் சுமார் இரண்டு மணித்தியாலம். உச்ச வேகம் நான்கு நொட் என்றால் அது ஒரு மணித்தியாலமாகச் சுருங்குகிறது. ஆறு நொட் என்றால் 40 நிமிடம்தான். பாதுகாப்புக் கருதி அரை நொட்டையே எல்லையாக வைத்தால் இருபது நிமிடம்.

அந்த நாற்பது நிமிடத்தையும் முழுமையாக வேலைக்குப் பயன்படுத்த முடியாது. கீழே இறங்க வேண்டும், இருட்டில் வழி தேட வேண்டும், பிறகு ஏறி வர வேண்டும். 40 மீற்றர் ஆழத்துக்கு இறங்கும் ஒருவர் சுமார் பத்து நிமிடத்துக்கு மேல் அடியில் தங்கினால் நேராக மேலே வர முடியாது. இடையிடையே குறிப்பிட்ட ஆழங்களில் நின்று, இரத்தத்தில் கரைந்த நைதரசன் வெளியேறும் வரை பொறுத்திருக்க வேண்டும். பொறுக்காமல் ஏறினால் மூட்டு வலியில் தொடங்கிப் பக்கவாதம், மரணம் வரை போகலாம். கடலட்டை, சங்கு குளிக்கும் எமது பகுதிகளில் இந்த நோயைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. நீர் மறுபடி ஓடத் தொடங்கிய பின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்பது எவ்வளவு கடினம் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

எனவே, நீர் நிற்கும் நேரத்தைக் கணிப்பதில் இருபது நிமிடப் பிழை ஏற்பட்டால் கைக்குக் கிடைத்த வேளையில் பாதி போய்விட்டது என்று பொருள். கணிப்பு துல்லியமாக இருக்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

பிறையும் கடலும்

கடலின் வற்றுப்பெருக்குக்குக் காரணம் சந்திரனதும் சூரியனதும் ஈர்ப்பு. சந்திரன் சிறியதாயினும் மிக அருகில் இருப்பதால் அதன் பங்கே பெரிது. சூரியனின் பங்கு அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. பூமி சுழலும்போது சந்திரனும் நகர்வதால் அது அதே இடத்துக்கு மேல் மீண்டும் வர 24 மணித்தியாலமும் 50 நிமிடமும் எடுக்கும். எனவே பெரும்பாலான கரைகளில் பெருக்கு 12 மணித்தியாலம் 25 நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறது. இன்று காலை ஒன்பது மணிக்கு நீர் நின்றால் நாளை அது ஏறத்தாழ ஒன்பது ஐம்பதுக்கு நிற்கும்.

அமாவாசையிலும் பூரணையிலும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் பெருக்கு பெரிதாகிறது. பாதிச் சந்திரன் தோன்றும் நாட்களில் இரண்டும் குறுக்காக இழுப்பதால் சிறிதாகிறது. ஹிஜ்ரி நாட்காட்டியைக் கையில் வைத்திருக்கும் ஒருவருக்கு இதை நினைவில் வைத்துக்கொள்வது மிக எளிது. மாதத்தின் முதற்பிறையை ஒட்டியும் பதினைந்தை ஒட்டியும் கடல் வேகமாக ஓடும். ஏழு, எட்டாம் பிறையிலும் இருபத்திரண்டை ஒட்டியும் தணிந்து ஓடும். பல கரைகளில் இந்த மாற்றம் ஓரிரு நாள் பிந்தி வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தொடர்பை ஆராய்ந்தவர்களில் முஸ்லிம் அறிஞர்களுக்கு முக்கிய இடமுண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூ மஅஷர் அல்-பல்கி சந்திரனின் நிலைக்கும் வற்றுப்பெருக்குக்கும் உள்ள தொடர்பை விரிவாக எழுதினார். அந்நூல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீன் மொழிக்குச் சென்று, ஐரோப்பியர் நெடுங்காலம் இவ்விடயத்தைக் கற்ற மூலமாக இருந்தது. அல்-பிரூனி இந்தியாவைப் பற்றிய தமது நூலில் சோமநாத் கரையின் வற்றுப்பெருக்கைக் குறிப்பிட்டிருக்கிறார்.

அட்டவணை எப்படித் தயாராகிறது?

எமது பள்ளிவாசல்களில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையை எண்ணிப் பாருங்கள். அடுத்த வருடத்தின் மஃரிப் நேரத்தை இன்றே நிமிடக் கணக்கில் சொல்ல முடிவது சூரியனின் நகர்வு ஒழுங்காக இருப்பதால்தான். வற்றுப்பெருக்கு அட்டவணையும் அதே வகையானதே. ஆனால் இங்கு சூரியன், சந்திரன் ஆகிய இரண்டையும் கணக்கிட வேண்டும். சந்திரன் சில நாட்களில் பூமிக்கு அருகிலும் சில நாட்களில் தொலைவிலும் இருக்கும். அதன் பாதை வடக்கும் தெற்குமாகச் சாயும். இந்த ஒவ்வொரு மாற்றமும் தனக்குரிய காலஇடைவெளியில் கடலை ஏற்றி இறக்கும் ஒரு தனி அலை. அவற்றில் மிகப் பெரியது 12 மணித்தியாலம் 25 நிமிடச் சந்திர அலை, அடுத்தது பெரும்பாலும் சரியாகப் பன்னிரண்டு மணித்தியாலச் சூரிய அலை. இவை தவிர நாளுக்கு ஒரு முறை வரும் அலைகளும் சிறிய அலைகளும் உண்டு.

குர்ஆன் மத்ரஸாவில் பல பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஓதும்போது வெளியே நிற்பவருக்கு ஒரே ஓசையாகத்தான் கேட்கும். பழகிய உஸ்தாதுக்கோ ஒவ்வொரு பிள்ளையின் குரலும் தனித்தனியே தெரியும். கடல் மட்டத்தை நீண்ட நாட்கள் அளந்த பதிவிலிருந்து ஒவ்வோர் அலையையும் பிரித்தெடுப்பது அப்படிப்பட்ட வேலை. பிரித்தெடுத்த பின் அவற்றை எதிர்காலத்துக்கு நீட்டி மறுபடி கூட்டினால் அட்டவணை கிடைத்துவிடும். 1870களில் வில்லியம் தொம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்டவர், சில்லுகளும் கப்பிகளும் கொண்டு இந்தக் கூட்டலைச் செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். 1944 ஜூன் 6ஆம் திகதி நேச நாடுகளின் படைகள் நோர்மண்டியில் தரையிறங்கியபோது, அந்தக் கரைக்கான வற்றுப்பெருக்குக் கணிப்பை லிவர்பூல் அருகே ஆர்தர் டூட்சன் அத்தகைய இயந்திரங்களைக் கொண்டுதான் தயாரித்திருந்தார். ஜேர்மனியர் கரையில் நட்டிருந்த தடைகள் நீருக்கு வெளியே தெரியும் வற்றத்தை ஒட்டி இறங்கினால்தான் வெடிவைப்புக் குழுக்கள் அவற்றை அகற்ற முடியும் என்பதால் அந்தக் கணிப்பில் எல்லாம் தங்கியிருந்தது.

கணிப்பு போதாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு அதற்கு ஏழு மாதம் முந்தைய பாடம் இருக்கிறது. 1943 நவம்பர் 20ஆம் திகதி பசுபிக் சமுத்திரத்தின் தராவா தீவில் அமெரிக்கப் படையினர் இறங்கினர். பவளப்பாறைத் திட்டுக்கு மேல் படகுகள் செல்லப் போதிய நீர் எழும் என்று எதிர்பார்த்தார்கள். பாதிச் சந்திர நாளும் சந்திரன் பூமிக்குத் தொலைவில் இருந்த நாட்களும் ஒன்றாக வந்ததால் நீர் எழவில்லை. படகுகள் திட்டில் தட்டி நின்றன. படையினர் நூற்றுக்கணக்கான மீற்றர் தூரம் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே நீரில் நடந்து சென்றார்கள். அந்தத் தீவுக்கான மூன்று நாள் சண்டையில் ஏறத்தாழ ஆயிரம் அமெரிக்கர் இறந்தனர். இதன் பின்னர்தான் கரையின் ஆழத்தையும் தடைகளையும் நீந்திச் சென்று ஆராயும் விசேட சுழியோடிக் குழுக்களை அமெரிக்கக் கடற்படை பெருமளவில் உருவாக்கியது.

உயரம் வேறு, ஓட்டம் வேறு

இங்கே பலர் தடுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. நீர் உச்சத்துக்கு ஏறிய நேரமே நீர் நிற்கும் நேரம் என்று நினைப்பது பிழை. மூடிய குடாக்களில் அது ஓரளவு பொருந்தும். திறந்த கரையோரங்களில் நீர் மட்டம் உச்சத்தில் இருக்கும்போதே ஓட்டமும் உச்சத்தில் இருக்கலாம். ஒடுங்கிய வாயுள்ள களப்புகளில் நிலைமை இன்னொரு விதம். கடலில் பெருக்கு முடிந்து நீர் இறங்கத் தொடங்கிய பின்னரும் களப்பினுள் மட்டம் தாழ்ந்திருந்தால் முகத்துவாரத்தில் நீர் உள்நோக்கி ஓடிக்கொண்டேயிருக்கும். அட்டவணையில் பெருக்கு நேரத்தைப் பார்த்து அங்கே இறங்குபவர் ஏமாந்து போவார்.

எனவே நீரோட்டத்தை அந்த அந்த இடத்தில் தனியாக அளக்க வேண்டும். இதற்கான கருவியைக் கடலடியில் வைத்தால் அது மேல்நோக்கி ஒலித்துடிப்புகளை அனுப்பும். நீரோடு மிதந்து செல்லும் நுண்துகள்களில் பட்டு அந்த ஒலி திரும்பி வரும். அம்புலன்ஸ் எம்மை நெருங்கும்போது அதன் சைரன் ஒலி ஒரு விதமாகவும் விலகும்போது இன்னொரு விதமாகவும் கேட்கிறதல்லவா? திரும்பி வரும் ஒலியில் ஏற்படும் அதே வகை மாற்றத்தைக் கொண்டு, அடியிலிருந்து மேல் வரை ஒவ்வொரு ஆழத்திலும் நீரின் வேகத்தையும் திசையையும் கருவி கணித்துவிடும். மேலே ஓடும் வேகம் அடியில் இருப்பதில்லை, சில இடங்களில் திசையே வேறு. குறைந்தது 15 நாட்கள், முடிந்தால் ஒரு சந்திர மாதமான 29 நாட்கள் அளந்தால் பூரணையும் பாதிச் சந்திரனும் அதில் அடங்கிவிடும். அந்தப் பதிவைக் கொண்டு நீர் நிற்கும் நேரங்களை மாதக்கணக்கில் முன்கூட்டியே சொல்லலாம்.

சந்திரன் சொல்வது இவ்வளவுதான். மீதியைக் காற்று தீர்மானிக்கிறது. பலத்த காற்று மேற்பரப்பு நீரைத் தள்ளும். வளியமுக்கம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் சுமார் ஒரு சென்றிமீற்றர் உயரும். ஆற்று வெள்ளம் முகத்துவாரத்தின் ஓட்டத்தையே மாற்றிவிடும். இவற்றைச் சேர்ப்பதற்குத்தான் கணினி மாதிரிகள். கடலைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, அடித்தள ஆழம், காற்று, உப்புத்தன்மை, வெப்பநிலை ஆகியவற்றைக் கொடுத்து, அடுத்த சில நாட்களுக்கான நீரோட்டத்தைக் கணிக்கிறார்கள். ஐரோப்பாவின் கொப்பர்நிக்கஸ் சேவை உலகக் கடல்கள் அனைத்துக்குமான கணிப்பை இலவசமாகவே வெளியிடுகிறது. ஹைதராபாத்திலுள்ள இன்கொயிஸ் நிறுவனம் இந்து சமுத்திரத்துக்கு வெளியிடுகிறது. ஆனால் கொப்பர்நிக்கஸின் உலக மாதிரியில் ஒரு கட்டத்தின் அகலம் ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர். களப்பின் வாயோ, பாறைத் திட்டோ, மூழ்கிய கப்பலோ அதன் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் உள்ளூரில் அளந்த தரவும் நுண்ணிய உள்ளூர் மாதிரியும் தேவைப்படுகின்றன.

கப்பலைத் தூக்கிய நாள்

செவோல் கதைக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. தேடுதல் 2014 நவம்பரில் நிறுத்தப்பட்டபோது ஒன்பது பேர் கிடைத்திருக்கவில்லை. அவர்களின் குடும்பங்கள் கப்பலைத் தூக்கும்படி போராடின. கடைசியில் 2017 மார்ச் மாதம் அது தூக்கப்பட்டது. அந்த நாள் சும்மா தெரிவு செய்யப்பட்டதல்ல. மார்ச் 20ஆம் திகதி பாதிச் சந்திரன். மார்ச் 22இல் தூக்கத் தொடங்கினார்கள், 23இல் கப்பல் நீருக்கு மேல் தெரிந்தது. ஹிஜ்ரிக் கணக்கில் அது மாதத்தின் இருபத்து மூன்று, இருபத்து நான்காம் நாட்கள், நீரோட்டம் தணிந்திருக்கும் வேளை.

தூக்கிக்கொண்டிருக்கும்போதே எதிர்பாராத ஒன்று நடந்தது. வாகனங்கள் ஏறும் பின்பக்கத் தட்டு திறந்து தொங்குவது தெரியவந்தது. அதை வைத்துக்கொண்டு கப்பலை ஏற்றிச்செல்லும் பெரிய கப்பல் மேல் வைக்க முடியாது. தாமதித்தால் தணிந்த நீரோட்ட நாட்கள் கடந்துவிடும். சுழியோடிகள் இரவோடிரவாக அந்தத் தட்டை வெட்டி அகற்றினார்கள், கப்பல் நேரத்துக்கு ஏற்றப்பட்டது. மார்ச் 31இல் அது மொக்போ துறைமுகத்தை அடைந்தது. பின்னர் நடந்த தேடுதலில் ஒன்பது பேரில் நால்வரின் எச்சங்கள் கிடைத்தன. ஐவர் கிடைக்கவேயில்லை.

எத்தனை நாட்கள் கையில் உள்ளன என்பது முன்பே தெரிந்திருந்ததால்தான் அந்த இரவில் என்ன செய்வது என்று அவர்களால் முடிவெடுக்க முடிந்தது.

எமது கரைகளில் நிலைமை என்ன?

இலங்கையைச் சுற்றிய வற்றுப்பெருக்கு சிறியது. இன்சியோனில் எட்டு ஒன்பது மீற்றர் வரை நீர் ஏறி இறங்கும்போது இங்கு பூரணை நாட்களிலும் அது அரை மீற்றரை ஒட்டியதே. “அப்படியென்றால் எமக்கு இது எதற்கு?” என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, அரை மீற்றர் ஏற்றமும் ஒடுங்கிய வாயால் போய் வரும்போது பலத்த ஓட்டமாகிறது. களப்பு முகத்துவாரங்களும், மன்னார் தீவை அடுத்த ஆழம் குறைந்த மணற்றிட்டுகளுக்கு இடையிலான வழிகளும் இத்தகையவை. மூதூர்ப் பக்கமாகக் கொட்டியார்க் குடாவில் மகாவலி கலக்கும் இடத்தில் மாரி வெள்ளமும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது.

இரண்டாவது, எமது கடலை அதிகம் ஓட வைப்பது பருவக்காற்று. தென்மேற்குப் பருவத்தில் தீவின் தெற்கே நீரோட்டம் கிழக்கு நோக்கிச் செல்லும், வடகீழ்ப் பருவத்தில் மேற்கு நோக்கித் திரும்பும். ஆகவே இங்கே பிறைக் கணக்கு மட்டும் போதாது, காற்றையும் சேர்த்த கணிப்பு வேண்டும். எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி ஜூன் மாதத் தொடக்கத்தில் மூழ்கியது தென்மேற்குப் பருவத்தின் வாசலில். அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் எந்தக் கரைகளில் ஒதுங்கும் என்பதை நீரோட்டமும் காற்றும் தீர்மானித்தன. பின்னர் சிதைவை அகற்றும் வேலையையும் பருவக்காற்றுக் காலத்தில் இடைநிறுத்த வேண்டியிருந்தது. மட்டக்களப்புக்கு அப்பால் 1942இல் ஜப்பானியர் மூழ்கடித்த ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. அதைப் பார்க்க இறங்குபவர்களும் நீரோட்டத்தைப் பார்த்தே இறங்குகிறார்கள்.

எமது முன்னோர் இதை அறியாதவர்களல்லர். சிலாபத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் நடந்த முத்துக்குளிப்பில் கீழக்கரையிலிருந்து வந்த முஸ்லிம்களும் அரபுச் சுழியோடிகளும் தமிழர்களும் பங்குகொண்டார்கள். இரண்டு பருவங்களுக்கும் இடையே கடல் அமைதியாகும் மார்ச், ஏப்ரல் மாதங்களே அதற்கான காலம். இரவில் வீசும் தரைக்காற்றில் பாய் விரித்துச் சென்று, பகலில் எழும் கடற்காற்றோடு திரும்பி வந்தார்கள். அதுவும் ஒரு முன்கணிப்புத்தான். ஆனால் அவர்கள் மூச்சை அடக்கி ஒரு நிமிடமளவே அடியில் இருந்தார்கள். இன்று சிலிண்டர் கட்டி ஆழத்தில் நீண்ட நேரம் தங்கும் இளைஞருக்கு அந்தப் பழைய அறிவு மட்டும் போதாது.

செய்யக்கூடியவை

வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பரப்புகளுக்கான காற்று, அலை எதிர்வுகூறலை நாள்தோறும் வெளியிடுகிறது. அது மீனவர்களுக்குப் பெரிதும் உதவுகிறது. ஆனால் கற்பிட்டியில் சங்கு குளிப்பவருக்கோ கிண்ணியாவில் தேடுதலுக்கு இறங்குபவருக்கோ தேவைப்படுவது, இந்த இடத்தில், இந்த ஆழத்தில், எத்தனை மணிக்கு நீர் நிற்கும் என்பதே.

ஆட்கள் அதிகம் இறங்கும், அதிகம் மூழ்கும் சில இடங்களையாவது தெரிவு செய்து, இரண்டு பருவங்களிலும் ஒவ்வொரு சந்திர மாதம் நீரோட்டத்தை அளப்பது பெருஞ்செலவான வேலை அல்ல. நாரா நிறுவனமும் பல்கலைக்கழகங்களும் கடற்படையும் சேர்ந்து செய்யக்கூடியதே. கிடைக்கும் நேரங்கள் தமிழிலும் சிங்களத்திலும் கைத்தொலைபேசிக்கு வர வேண்டும். மீனவர் சங்கக் கட்டடத்திலும், தொழுகை நேரம் தொங்கும் அதே பள்ளிவாசல் சுவரிலும் அந்தத் தாளை ஒட்டலாம். எமது மீனவர் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதை எழுத்து மூலம் கேட்க வேண்டும். கேட்காமல் எந்தத் திணைக்களமும் ஒரு முகத்துவாரத்தில் கருவியைக் கொண்டுபோய் வைக்கப் போவதில்லை.

அது வரும் வரை சுழியோடிகள் கைக்கொள்ள வேண்டிய சில ஒழுங்குகள் உண்டு. முதற்பிறையையும் பதினைந்தையும் ஒட்டிய நாட்களில் முகத்துவாரங்களில் கூடுதல் கவனம் வேண்டும். இறங்குவதற்கு முன் நங்கூரக் கயிறு எவ்வளவு சாய்கிறது என்று பார்ப்பதும், பாரம் கட்டிய நூலை இறக்கி அடியில் ஓட்டம் எப்படி என்று அறிவதும் சில நிமிட வேலைதான். நீர் நிற்கத் தொடங்கும்போதே இறங்கி, மறுபடி ஓடுவதற்கு முன் ஏறிவிட வேண்டும். படகில் ஒருவர் எப்போதும் விழித்திருக்க வேண்டும். நீர் நின்ற நேரத்தை ஒவ்வொரு நாளும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், சில மாதங்களில் அந்த இடத்துக்கான அட்டவணை உங்கள் கையிலேயே உருவாகத் தொடங்கிவிடும்.

தேடுதல் நடக்கும் கரையில் பொறுப்பாக நிற்கும் அதிகாரிக்கும் ஒரு கடமை இருக்கிறது. “பொறுங்கள், இறங்குவோம்” என்று சொல்வதற்குப் பதிலாக, “இப்போது அடியில் நீர் இவ்வளவு வேகத்தில் ஓடுகிறது. நாலரை மணிக்குத் தணியும். அப்போது இறங்குவோம்” என்று குடும்பத்தினருக்கு நேரத்தோடு சொன்னால் அந்தக் காத்திருப்பு வேறு விதமாக இருக்கும். அப்படிச் சொல்வதற்கு அவர் கையில் ஒரு கணிப்பு இருக்க வேண்டும். கோபத்தில் நிற்கும் கூட்டத்தின் நெருக்குதலுக்குப் பயந்து ஓடும் நீரில் ஒரு சுழியோடியை இறக்கிவிடாமல் இருப்பதற்கும் அதே கணிப்புத்தான் அவருக்குத் துணை. அவ்வாறு இறக்கப்படும் சுழியோடியும் ஒரு வீட்டின் பிள்ளை, அவர் திரும்பி வருவதை எதிர்பார்த்து அந்த வீட்டிலும் ஆட்கள் இருப்பார்கள்.